கண்டுபிடித்தவர் பெயர் எழுதும் வரி

அஸீமா பதினேழு வருடங்களில் நானூறுக்கு மேற்பட்ட கல்யாணங்களைப் படம் எடுத்திருக்கிறாள். அவற்றில் ஒன்றின் படம்கூட அவளிடம் கிடையாது.

கண்டியைச் சுற்றியுள்ள மடவளையிலிருந்தும் வத்தேகமவிலிருந்தும் அக்குறணைப் பக்கமிருந்தும் அவளைத் தேடி வந்தவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் பெண்கள் பக்கம் ஆண் எவரும் கமெராவோடு வர முடியாது. எடுப்பவள் பெண்ணாகவே இருந்தாலும், எடுத்த படம் பிறகு எந்தக் கணினியில் கிடக்கும், யார் கண்ணில் படும் என்ற பயம் தாய்மாரை விடாது. அந்தப் பயத்துக்கு அஸீமா ஒரு முறை வைத்திருந்தாள். அல்பத்தையும் பென் டிரைவையும் ஒப்படைக்கப் போகும் நாளில் மடிக்கணினியையும் கமெராவின் அட்டைகளையும் கூடவே எடுத்துப் போவாள். பெண்ணின் உம்மாவைப் பக்கத்தில் இருத்தி, தன்னிடமுள்ள எல்லாவற்றையும் அழித்துக் காட்டுவாள். வெறுமையான திரையை அந்த உம்மா தன் கண்ணால் பார்த்த பிறகுதான் தனக்கு வைத்த தேநீரைத் தொடுவாள்.

"இனி இது என்ட கையில இல்ல. ஒங்கட கையில தான் ஈக்கி. நம்பித் தந்த அமானிதத்த ஒப்படைச்சிட்டேன்" என்பாள். ஒவ்வொரு வீட்டிலும் இதே வார்த்தைதான்.

அஸீமாவிடம் படம் கொடுத்தால் கபுறுக்குள் புதைத்த மாதிரி என்று மடவளைப் பெண்கள் பகிடியாகச் சொல்வார்கள். அந்தப் பகிடிதான் அவளுடைய விளம்பரம். வேறு விளம்பரம் அவள் செய்ததில்லை.

தொழிலை அவளுக்கு யாரும் படிப்பித்துக் கொடுக்கவில்லை. புருஷன் அரூஸ் கட்டுகஸ்தோட்டையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். கல்யாணமான புதிதில் அவன் வாங்கிவந்த பழைய கமெராவையும், அதோடு வந்த ஆங்கிலக் கையேட்டையும், பள்ளிக்கூடத்து அகராதியையும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் அவள் தானாகப் படித்தாள். விளங்காத பக்கத்தை விளங்கும்வரை விடமாட்டாள். ஒளியை அளப்பதைப் பற்றிய பதினொரு பக்கங்களை மட்டும் மூன்று மாதம் படித்ததாகச் சொல்வாள்.

அவளுக்குத் தலையிடி கொடுத்தது கல் வேலை. கல்யாண உடுப்பில் கழுத்திலிருந்து கால்வரை கண்ணாடிக் கல் தைக்கும் வழக்கம் ஒரு கட்டத்தில் எல்லா ஊர்களுக்கும் பரவிவிட்டது. ஃப்ளாஷ் உள்ள கமெரா படம் எடுப்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வருவதை அளந்து, அதைக் கொண்டுதான் எவ்வளவு வெளிச்சம் போடுவது என்று முடிவெடுக்கும். கல்லில் பட்ட வெளிச்சம் அப்படியே கண்ணில் குத்துவது போலத் திரும்பி வந்தது. போதுமான அளவுக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது என்று கமெரா ஏமாந்து ஃப்ளாஷைக் குறைத்துவிட்டது. உடுப்பு ஜொலிக்க, நடுவில் பெண்ணின் முகம் அடுப்புக்கரி மாதிரி வந்தது. ஆண்கள் பக்கத்தில் இந்தத் தொல்லை கிடையாது. கோட்டும் தொப்பியும் கமெராவை ஏமாற்றுவதில்லை. ஆகவே அதைப் பற்றி யோசித்தவர்களும் அங்கே கிடையாது.

வெளிச்சத்தைக் கையால் கூட்டிக் குறைத்து அஸீமா சமாளித்தாள். ஆனால் பெண் நடந்து வருகையில், மாமிமார் கட்டிப்பிடிக்கையில், கையால் திருகிக்கொண்டிருக்க நேரமிராது. நல்ல கணங்களெல்லாம் கறுப்பு முகத்தோடு போயின.

வழி அகப்பட்டது பிலிமத்தலாவையில். அரூஸின் தம்பி நஸீப் அங்கே டி.வி.யும் காவல் கமெராவும் திருத்தும் கடை வைத்திருந்தான். ஒரு நாள் மாமியோடு, அரூஸின் உம்மாவோடு, அங்கே போயிருந்தபோது, உடைந்த டி.வி. திரையிலிருந்து உரித்துப் போட்டிருந்த சாம்பல் நிற பிளாஸ்டிக் தாள்களை அஸீமா சும்மா கையில் எடுத்துப் பார்த்தாள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருப்பினால் ஒரு பக்கம் வெளிச்சம் வந்தது, மறுபக்கம் முழு இருட்டு. ஒரு தாளை மேசை விளக்குக்கு முன்னால் சாய்த்து வைத்து, மற்றதைக் கண்ணுக்கு முன்னால் திருப்பியபடி ஒரு கத்தரிக்கோலைத் தூக்கிப் பார்த்தாள். மினுக்கம் அணைந்தது, கத்தரிக்கோலைப் பிடித்திருந்த தன் விரல் மட்டும் அணையாமல் நின்றது. அவள் நான்கு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். நஸீப் அதைக் குப்பை என்றுதான் கொடுத்தான்.

அவளிடம் பழைய மாதிரி ஃப்ளாஷ் ஒன்று இருந்தது. அதற்கு முன்பக்கத்தில் சொந்தமாக ஒரு சின்னக் கண் உண்டு. திரும்பி வரும் வெளிச்சம் போதும் என்று அந்தக் கண்ணுக்குப் பட்டதும் ஃப்ளாஷ் தானே அணைந்துவிடும். அஸீமா ஒரு துண்டுத் தாளை ஃப்ளாஷின் முகத்துக்கு முன்னால் பொருத்தினாள். இன்னொரு துண்டைக் குறுக்காகத் திருப்பி அந்தக் கண்ணுக்கு ஒட்டினாள். இனிக் கல்லின் மினுக்கம் கண்ணுக்குத் தெரியாது, தோலிலிருந்து வரும் வெளிச்சம் மட்டும் தெரியும். லென்ஸில் அவள் ஒன்றும் ஒட்டவில்லை. படத்தில் கல் மின்னத்தான் வேண்டும், அதற்குத்தானே காசு கொடுத்துத் தைக்கிறார்கள். அளக்கிற கண் மட்டும் மினுக்கத்தைப் பார்க்கக்கூடாது.

சொல்ல இரண்டு நிமிடம் போகிற இந்தக் காரியத்துக்கு அவளுக்கு ஏழு மாதம் போனது. தன் நிக்காஹ் உடுப்பில் கல் வாங்கித் தைத்து, பின்னேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு, தன்னையே படம் எடுத்தெடுத்துப் பார்த்தாள். ஒரு சீ.ஆர். கொப்பியில் தூரமும் அளவும் எழுதினாள். 2019 ஜனவரியில் வத்தேகம ஷஹ்மாவின் கல்யாணத்தில் முதன்முதலாக அதைக் கொண்டுபோனாள். நம்பிக்கை போதாமல் ஒவ்வொரு கோலத்தையும் இரண்டு தடவை எடுத்தாள். தாளோடு ஒன்று, தாளில்லாமல் ஒன்று. இரண்டையும் பார்த்த ஷஹ்மா, தாளில்லாததைக் காட்டி, இது நானா என் நிழலா என்று கேட்டுச் சிரித்தாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பழைய ஃப்ளாஷ் பழுதாகிப் போனது. புதிய ஃப்ளாஷ்களில் அந்தச் சின்னக் கண் வருவதில்லை. அஸீமா நஸீபிடம் போனாள். தாளையும் கொப்பியையும் கொடுத்து, இந்தக் கண்ணைத் தனியாக ஒரு பெட்டியில் செய்து புதிய ஃப்ளாஷோடு பேச வைக்க முடியுமா என்று கேட்டாள். நஸீப் கெட்டிக்காரன். நாலு மாதத்தில் தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செய்து கொடுத்தான். அவள் அவனுக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்தாள். கொப்பி அவனிடம் ஒரு வருடம் இருந்தது.

2024இல் ஒரு வெள்ளிக்கிழமை குடும்ப வாட்ஸ்அப்பில் நஸீப் ஒரு கடதாசியின் படத்தைப் போட்டான். பேட்டன்ட் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று எழுதியிருந்தான். குடும்பமே மாஷா அல்லாஹ் போட்டது. அஸீமாவும் போட்டாள். போட்ட பிறகுதான் படத்தை விரித்துப் படித்தாள். பளபளக்கும் உடை அணிந்தவரைப் படம் எடுக்கையில் ஒளியைக் கட்டுப்படுத்தும் சாதனம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. உரிமையாளர் நஸீப். கண்டுபிடித்தவர் என்ற வரி தனியாக இருந்தது. அதிலும் நஸீப்.

அடுத்த ஞாயிறு அவன் உம்மாவைப் பார்க்க வந்தபோது அவள் அதைக் கேட்டாள். மாமி கதிரையில் இருந்தார். அரூஸ் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தான்.

"மதினி, யோசன ஆருக்கும் வரும். சேர்க்கிட் என்ட. புரோகிராம் என்ட. பேட்டன்ட் குடுக்கிறது மெஷினுக்கு" என்றான் நஸீப். பிறகு உம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "சோறாக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் குக்கரக் கண்டுபிடிச்சவங்களா?" என்றான்.

மாமி சிரித்தார்.

"குக்கருக்கு மூடி எப்பிடி வெக்கணும்டு ஒங்களுக்குச் சொன்னது ஆரு தம்பி?" என்றாள் அஸீமா.

அவன் முகம் மாறியது. கோபப்படவில்லை, குரலைத் தாழ்த்தினான். "ஒங்கட பேரப் போட்டா எனத்த நடக்கும்? கொழும்புக்கு வரச் சொல்லுவாங்க. ஆம்புளைகளுக்கு முன்னால ஒக்காந்து விளங்கப்படுத்த வேணும். நெட்டுல பேரு கெடக்கும். அரூஸ் நானாவுக்கு அது நல்லமா? நான் ஒங்கட மானத்தத் தான் பாத்தேன்."

"என்னக் கேட்டிருக்கலாம் தானே?"

"கேட்டா ஓ சொல்லி இருப்பீங்களா?"

மூன்று வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. அது தெரியாமல் போனதுதான் அன்றிரவு முழுக்க அவளை அரித்தது.

கண்டி நீதிமன்றத்துக்குக் கிட்டே, செங்குத்தான படிகளுக்கு மேலே, சட்டத்தரணி கஜனியின் அறை. கஜனி யாழ்ப்பாணத்துப் பெண், பேராதனையில் படிக்க வந்து கண்டியிலேயே தங்கிவிட்டவள். அஸீமா சொன்னதை அவள் ஒரு தரமும் இடைமறிக்காமல் கேட்டாள். அடுத்த முறை போனபோது ஒரு கட்டுக் கடதாசி அச்சிட்டு வைத்திருந்தாள். எல்லாம் பெரிய கமெராக் கொம்பனிகளின் பேட்டன்ட்கள். முகத்தைத் தேடிப் பிடித்து அதற்கேற்ப ஒளியை வைப்பதற்கு ஒன்று. முன்வெளிச்சத்தை அனுப்பி அளப்பதற்கு ஒன்று. பின்னால் சூரியன் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு ஒன்று. தன் கமெராவில் ஒரு பித்தானாக இருப்பவை ஒவ்வொன்றும் இப்படி ஒரு கடதாசியாக எங்கோ இருக்கின்றன என்பதை அஸீமா அன்றுதான் அறிந்தாள். கல் தைத்த உடுப்புப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவள் பார்த்தது வேறொன்றை. உரிமை கொம்பனிக்கு என்று இருந்தாலும், ஒவ்வொரு கடதாசியிலும் கண்டுபிடித்தவர் என்ற வரியில் ஒரு மனுஷனின் பெயர் இருந்தது. சம்பளத்துக்கு வேலை செய்தவனின் பெயர்.

"எனக்கு உரிம வேணாம். அவரே வெச்சுக்கட்டும், வித்துக்கட்டும். அந்த வரி மட்டும் எனக்கு வேணும்" என்றாள்.

கஜனி அதற்குச் சாட்சி கேட்டாள். கொப்பியை விரித்துப் பார்த்தவள் உதட்டைக் கடித்தாள். ஒரு பக்கத்திலாவது திகதி இல்லை. நேற்று எழுதியது என்று எதிர்த்தரப்பு சொன்னால் மறுக்க ஒன்றும் இல்லை. ஏழு மாதம் தன்னையே எடுத்த படங்கள் எங்கே என்று கேட்டாள். அவை அஸீமாவின் முகம், அஸீமா சம்மதித்தால் போதும். அஸீமா தன் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அளவைக் கொப்பியில் எழுதி முடித்ததும் அட்டையை அழித்துவிட்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை, எந்த உம்மாவும் பக்கத்தில் இருக்கவில்லை. பழகிய கை தானாகச் செய்தது.

வீட்டில் அரூஸிடம் கேட்டாள். தாளை ஒட்டியதை, உடுப்பில் கல் தைத்ததை, எல்லாவற்றையும் அவன் கண்டிருக்கிறான். அவன் இல்லையென்று சொல்லவில்லை.

"மெய் தான் அஸீமா. ஆனா உம்மா உசிரோட ஈக்கிற காலம் தம்பிய கோர்ட்டுல நிறுத்த எனக்கு ஏலா."

பிறகு மிஞ்சியது ஷஹ்மாவின் பென் டிரைவ். அதிலுள்ள ஒவ்வொரு படத்துக்கும் கமெரா பதித்த திகதியும் அளவும் உண்டு. ஒரே கோலத்தில் அரை நிமிட வித்தியாசத்தில் இரண்டு இரண்டாகப் படங்கள், ஒன்றில் முகம் கரி, மற்றதில் தெளிவு. நஸீபின் பெட்டி பிறக்க இரண்டு வருடத்துக்கு முந்திய திகதி. ஒரு சோடிப் படம் போதும் என்றாள் கஜனி. அஸீமா, முகத்தை மறைத்துவிட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

"முகத்தை மறைச்சால் பிறகு என்னத்தைக் காட்டப் போறீங்கள் அக்கா? உங்கட கண்டுபிடிப்பே அந்த முகம் தெரியிறதுதானே" என்றாள் கஜனி. கோர்ட்டில் கொடுப்பதில் ஒரு பிரதி மற்றப் பக்கத்துக்கும் போக வேண்டும் என்பதையும் சொன்னாள். மற்றப் பக்கம் என்றால் நஸீப், நஸீபின் சட்டத்தரணி, அவர்கள் கொண்டுவரும் நிபுணர். "பூட்டின அறைக்குள்ள விசாரிக்கச் சொல்லிக் கேக்கலாம். அவையள் பாக்கிறதை மட்டும் தடுக்க ஏலாது."

ஒரு செவ்வாய்க்கிழமை அஸீமா வத்தேகமவுக்குப் போனாள். ஷஹ்மாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அஸீமா ராத்தா வந்தீக்கிறாங்க என்று உள்ளே பார்த்துச் சத்தம் வைத்து, பாலோடு தேநீர் போட்டுக் கொடுத்தாள். வந்த காரியத்தை அஸீமா மறைக்காமல், ஒழுங்காக, முதலிலிருந்து சொன்னாள். இரண்டே இரண்டு படம். யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் எண்ணிச் சொன்னாள்.

ஷஹ்மா எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து அல்பத்தைக் கொண்டுவந்தாள். பென் டிரைவ் அதன் பின்னட்டையில் ஒரு சின்னப் பையில் இருந்தது. அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ராத்தா, இத எங்கட அவரு கூட இன்னும் முழுசாப் பாக்கல்ல. உள்ளுக்கு என்ட கூட்டாளிமார் தல மூடாம ஈக்கிறாங்கண்டு உம்மா காட்ட விடல்ல" என்றாள். "நீங்க கேட்டா நான் இல்லண்டு சொல்ல மாட்டேன். எடுத்துக்கிட்டுப் போங்க. நீங்களே வந்து கேக்கிறீங்களேண்டு தான்..."

பென் டிரைவை எடுத்து நீட்டினாள்.

அஸீமா அதை வாங்கினாள். கையில் பாரமே இல்லை. நானூறு வீடுகளில் தான் ஒரே மாதிரிச் சொன்ன வார்த்தை, அமானிதம் என்ற வார்த்தை, நினைவுக்கு வந்தது. தன் பெயருக்காகக் கேட்க வந்திருப்பது இன்னொருத்தியின் முகம். அதை நஸீபின் மேசையில் வைத்து, இதோ பார், நான்தான் என்று சொல்ல வேண்டும். கஜனி கேட்ட சாட்சி அது ஒன்றுதான். அஸீமா பென் டிரைவை மறுபடி அந்தப் பைக்குள் போட்டு, அல்பத்தை மூடி ஷஹ்மாவின் மடியில் வைத்தாள். வேணாம் மகள், உள்ளுக்கு வையுங்க என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். இன்னும் அரைக் கோப்பை தேநீர் இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஒன்றையும் எடுக்காமல்தான் வந்தாள். ஆனால் அடுத்த அறையில் ஷஹ்மாவின் உம்மா இருந்திருக்கிறார். கேட்டது அவர் காதில் விழுந்தது, திருப்பிக் கொடுத்தது விழவில்லை. ஒரு கிழமைக்குள் மடவளை, அக்குறணை எங்கும் பேச்சு. அஸீமா பழைய அல்பங்களைத் திரும்பக் கேட்டுத் திரிகிறாளாம், கோர்ட்டில் ஆம்பிளைகளுக்குக் காட்டப் போகிறாளாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு அவளுக்குச் சொல்லி வைத்திருந்த மூன்று கல்யாணங்களின் தாய்மார் ஒருவர் பின் ஒருவராகப் போன் எடுத்து, வேண்டாம் என்றார்கள். ஒருவராவது உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. மண்டபக்காரர்களே ஆள் வைத்திருக்கிறார்களாம், மாப்பிள்ளை வீட்டில் யாரோ இருக்கிறார்களாம். எல்லாரும் ஸலாம் சொல்லி மரியாதையாகவே போனை வைத்தார்கள். இல்லை, நான் எடுக்கவில்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல முடியுமா? சொன்னாலும், கேட்டது உண்மைதானே என்பார்கள். அது உண்மைதான்.

கஜனியிடம் போய் வழக்கு வேண்டாம் என்றாள். கஜனி காரணம் கேட்கவில்லை. அச்சிட்ட அந்தக் கட்டுக் கடதாசியை மட்டும் வேண்டுமானால் கொண்டுபோகச் சொன்னாள். அஸீமா அதை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அரூஸ் முன்னைவிட அன்பாக இருந்தான், அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அஸீமா பொறுமைசாலி என்று மாமி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நஸீபின் பெட்டி விற்கத் தொடங்கியது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், பெண்கள் பக்கம் படம் எடுக்கிறவர்கள். ஒரு நாள் அவன் அரூஸிடம் சொல்லி அனுப்பினான். அந்தப் பிள்ளைகள் ஆம்பிளையிடம் போனில் விவரம் கேட்க வெட்கப்படுகிறார்களாம், மதினியின் நம்பரைக் கொடுக்கட்டுமா என்று. அரூஸ் கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

கொடுக்கச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவள் இல்லையென்றால் எங்கோ ஒரு மண்டபத்தில் ஒரு பெண்ணின் முகம் கரியாகப் போகும், அந்த நாள் அவளுக்குத் திரும்பி வராது. அதை நினைத்துக்கொண்டு சும்மா இருக்க அஸீமாவால் முடியாது.

போன மாதம் கம்பளையிலிருந்து ஒருத்தி போன் எடுத்தாள். மண்டபத்தின் இரைச்சல் பின்னால் கேட்டது. அழுகிற குரல். பெட்டி வேலை செய்யவில்லையாம், ஃப்ளாஷில் ஒட்டிய தாள் பழுப்பாகிப் போனதாம், பெண் இன்னும் கால் மணித்தியாலத்தில் வெளியே வருகிறாளாம்.

"தாள ஃப்ளாஷோட ஒட்டினீங்களா? சூட்டுக்குப் பழுத்துப் போகும் மகள். ரெண்டு விரக்கட எட்டி நிக்கோணும். மட்ட வெட்டி ரெண்டு பக்கமும் முட்டுக் குடுங்க. வேற தாள் ஈக்கியா?"

"ஈக்கி ராத்தா." கத்தரிக்கோலின் சத்தம் கேட்டது, செலோடேப் கிழிபடும் சத்தம் கேட்டது. ஃப்ளாஷ் இரண்டு தரம், மூன்று தரம் வெடித்தது. பிறகு அவள் மூச்சு விட்டாள். "தெளிவா வருது ராத்தா. இது பெட்டியோட வந்த புத்தகத்துல இல்லயே. நஸீப் சேர் ஒங்களுக்குச் சொல்லித் தந்ததா?"

கூடத்தில் மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். அரூஸ் மறுபடி பத்திரிகையைத் தூக்கிப் பிடித்தான்.

"ஓ, அவரு தான்" என்றாள் அஸீமா. "இன்னும் ஒருக்கா எடுத்துப் பாருங்க. இந்த முற கொஞ்சம் கிட்டப் போய்."